குடல்காரனுக்குப் பெண் பார்த்தோம்

எந்தப் பேச்சை எடுத்தாலும் அதைக் குடலில் கொண்டுபோய் முடிக்கக்கூடிய மனிதன் இந்த உலகத்திலேயே ஒருவன்தான். எண்பதுகளில், புக்கிட் ரோத்தான் பக்கத்து எஸ்டேட்டில், எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அவன் எனக்கு அடுத்த வீடு. எல்லாருக்கும் அவன் குடல்காரன். சொந்தப் பெயர் அவனுக்கே பாதி நாள் ஞாபகம் இருக்காது.

வாரம் முழுக்கக் கோலாலம்பூரில், பல்கலைக்கழகத்தில் எலிக்குடலை ஆராய்வான். சனிக்கிழமை பஸ் ஏறி வந்து எங்கள் உயிரை எடுப்பான். மழையைப் பற்றிப் பேசினாலும் அது கடைசியில் குடலுக்குள்தான் பெய்யும். கோயில் பந்தியில் உட்கார்ந்து, "இந்தச் சாம்பார் போற வழி இருக்கே..." என்று அவன் ஆரம்பித்ததும் எதிர்வரிசை முழுக்க இலையை மூடியது.

தாய் தகப்பன் இல்லாதவன். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பெண் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதலில் சுங்கை செம்பிலாங் போனோம். யார் செய்த பாவமோ, விருந்தில் ஆட்டுக்குடல் பிரட்டல் வைத்துவிட்டார்கள். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, பெண்ணின் அம்மாவுக்கு அதன் உட்புறத்தைக் காட்டினான். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்தது புக்கிட் பெலிம்பிங். பெண் பாலர் பள்ளி ஆசிரியை. அவரைக் கோயிலில் தூரத்திலிருந்து பார்த்த நாளிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. குடல்காரனுக்கே சோறு இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "இது தவறிப்போனா இனிமே எனக்குப் பொண்ணே பாக்காதடா" என்றான்.

"அங்க குடல்னு ஒரு வார்த்தை வந்துச்சு, உன்னை விட்டுட்டுப் போயிடுவேன்."

"வராதுலா!"

பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற கிராணி, அதாவது எஸ்டேட் குமாஸ்தா. எஸ்டேட் ஆபீசை அதட்டியே நடத்தியவர். "தம்பி என்ன ஆராய்ச்சி பண்றீங்க?" என்று கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"குடலுங்க" என்றான். அவ்வளவுதான், அணை உடைந்தது. "உள்தோல் சில நாள்லயே உதிர்ந்து புதுசா வருதுங்க. அதுல குட்டிக் குட்டிக் குழி இருக்கு. குழிக்கு அடியில ஸ்டெம் செல்னு ஒண்ணு. புதுசு எல்லாம் அதுலேர்ந்துதான் வருது."

கேசரித் தட்டை நோக்கிப் போன கிராணியின் கை பின்வாங்கியது. நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.

அப்போது கதவோரம் நின்ற பெண் கேட்டார்: "எப்ப வளரணும், என்னவா ஆகணும்னு அதுக்கு யாரு சொல்றாங்க?"

குடல்காரன் திகைத்துப்போனான். இத்தனை வருஷத்தில் யாருமே அவனிடம் கேள்வி கேட்டதில்லை. நாங்களெல்லாம் நிறுத்தத்தான் சொல்லியிருக்கிறோம்.

"சுத்தியிருக்கிற சதைங்க" என்றான் மெதுவாக. "அது ஏதோ சேதி அனுப்புது. என்ன சேதின்னுதான் தேடிக்கிட்டிருக்கேன். சதையைப் பிரிச்சுட்டு, அந்தச் செல்லை மட்டும் கண்ணாடித் தட்டுல வச்சு, எல்லா வசதியும் பண்ணிக் குடுத்தேன். செத்துப்போச்சு. சதை கூட இருந்தாத்தான் பிழைக்குது."

"பாவம்" என்றார் அந்தப் பெண்.

கிராணி மகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கடைசியில் என்னிடம் திரும்பினார். "வேற கெட்ட பழக்கம் ஏதும் உண்டா?"

"இது ஒண்ணுதாங்க."

கேசரியை எடுத்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று, பெண் வீட்டு உறவுக்காரர்களிடம் என்னை அறிமுகப்படுத்தினான். நண்பன் என்றோ பக்கத்து வீட்டுக்காரன் என்றோ சொல்லியிருக்கலாம். மாலையும் கழுத்துமாக என் தோளில் கைபோட்டு, "இவன்தான் இத்தனை நாளும் என்னைச் சுத்தியிருந்த சதை" என்றான். கூட்டம் திருதிருவென்று விழித்தது. மணப்பெண் மட்டும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்றைக்குக் கூச்சத்தில் நெளிந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ மேடைகளில் யார் யாரோ எனக்குப் பொன்னாடை போர்த்தி, பட்டமும் கொடுத்துவிட்டார்கள். அவன் தந்ததைவிட நல்ல பட்டத்தை இன்னும் யாரும் தரவில்லை.