வடி அண்ணையும் எங்கள் விமானத்தின் எண்ணெயும்

மொன்ரியலில் மனிதர் சொல்லும் எதையும் நம்பாமல், எண்ணெய் சொல்வதை மட்டுமே நம்பி வாழ்ந்த தமிழர் ஒருவர்தான். அவரை நாங்கள் வடி அண்ணை என்போம். தேத்தண்ணி வடிக்கிற அதே வடிதான். சொந்தப் பெயர் அவருடைய உரிமப் பத்திரத்தில் இருந்தது. அதை வாசித்தவர்கள் குறைவு.

திருகோணமலைக்காரர். சிறிய விமானங்களைத் திருத்தும் உரிமம் பெற்ற பொறியியலாளர். நதிக்கு அக்கரையில், சோளக்காட்டின் நடுவே இருக்கும் ஒரு சின்ன விமானத் தளத்தின் ஹாங்கரில், விமானங்களை நிறுத்தித் திருத்தும் கொட்டகையில், அவருக்கு வேலை. அங்கேதான் எனக்கும் என் நண்பன் ஜெராட்டுக்கும் சொந்தமான விமானமும் நின்றது. நான்கு இருக்கை, எங்கள் இருவரையும்விட வயது கூடியது. நான் மருந்துக் கடையிலும் ஜெராட் பள்ளிக்கூடப் பேருந்திலும் உழைத்ததை அது அமைதியாகக் குடித்துக்கொண்டிருந்தது.

வடி அண்ணை யாரிடமும் சுகம் விசாரித்ததில்லை. "எத்தினை மணித்தியாலம்?" என்பார். கடைசியாக எண்ணெய் மாற்றிய பிறகு எவ்வளவு நேரம் பறந்தோம் என்று அர்த்தம். ஜான்-டலோன் சந்தையில் ஒலிவ் எண்ணெய்ப் போத்தல் ஒன்றை வெயிலில் பிடித்து, இதை எப்போது வடித்தீர்கள், எதால் வடித்தீர்கள் என்று பிரெஞ்சில் குடைந்தார். "மெஸ்யூ, இது சாப்பிடுகிற எண்ணெய்" என்றார் கடைக்காரர். "அப்ப இன்னும் கவனமா எல்லோ வடிக்க வேணும்" என்றார் இவர், தமிழில். ஒரு கலியாண மண்டபத்தில் குத்துவிளக்கில் விரலைத் தோய்த்து, பெருவிரலோடு தேய்த்து, மணந்து பார்த்து, "மாத்துற நேரம் வந்திட்டுது" என்று மாப்பிள்ளையின் தகப்பனிடம் சொன்னார். ஐயரை மாற்றச் சொல்கிறார் என்று நினைத்து அந்த மனிதர் கலங்கிப்போனார்.

எங்கள் விமானத்தோடு அவருக்கு ஒரு நிரந்தரக் கோபம் இருந்தது. அதன் இயந்திரத்துக்குள் ஓடும் எண்ணெயை வடிக்க விரல் நீளத்தில் ஒரு கம்பிவலைக் குழாய் மட்டுமே உண்டு. பழைய விமானங்கள் பலவற்றில் அப்படித்தான். அதைக் கழற்றிவிட்டு, கார்களில் இருப்பதுபோல ஒரு ஃபில்டர் பூட்ட வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் "பேந்து பாப்பம் அண்ணை" என்று தள்ளிப்போட்டோம்.

கடைசியில் அவர் எங்களை விட்டுவிட்டு என் மனைவியைப் பிடித்தார். ஒருநாள் அஹுன்ட்சிக்கில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது மலர் வடை சுட்ட எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, உந்த வடியிலை என்ன நிக்குது?"

"கருகின துண்டுகள் அண்ணை."

"அடியிலை பாருங்கோ. தூள் முழுக்க எண்ணெயோடை போயிட்டுது. உங்கடை அவர் பறக்கிற எஞ்சினும் இப்பிடித்தான். பெரிய துண்டு மட்டும் வலையிலை நிக்கும். தூள் சுத்திச் சுத்தி ஓடும்."

மலர் அடுப்பை நிறுத்தினாள். "அதை மாத்தாமல் நீங்கள் ஏறக் கூடாது" என்றாள் என்னைப் பார்த்து. விஷயம் அத்தோடு முடிந்தது.

சித்திரையில் வேலை தொடங்கியது. இயந்திரத்தின் பின்புறத்தில் வலைக்குழாய் இருந்த கூட்டைக் கழற்றி, அந்த இடத்தில் ஃபில்டரைத் தாங்கும் துண்டைப் பூட்ட வேண்டும். அங்கீகாரக் கடதாசி வரும்வரை ஓர் ஆணியையும் தொட விடவில்லை. பழைய பசையைச் சுரண்டவே அரை நாள் போனது. ஃபில்டருக்கும் இயந்திர அறையின் பின்சுவருக்கும் நடுவே இடைவெளி போதுமா என்று தன் விரலை விட்டு விட்டுப் பார்த்தார். எல்லாம் பூட்டி, கழன்றுவிடாதபடி கம்பி முறுக்கி, இயந்திரத்தை ஓடவிட்டு நிறுத்தியபின், கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்தார். கதிரையைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் தாளையே பார்த்திருந்தார். ஒரு சொட்டும் விழவில்லை. எழும்பும்போது கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது போலிருந்தது.

அந்த வருடம் என் கண்ணில் குறை கண்டார்கள். விமானம் ஓட்டுவதற்கான என் மருத்துவச் சான்று ஆவணி முடியும்வரை செல்லும். அடுத்த தடவை கிடைக்காது என்று வைத்தியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். விமானம் என்றாலே நடுங்குகிற மலர், இருபத்திரண்டு வருடம் மறுத்த மலர், "ஒருக்கால் உங்களோடை வாறன்" என்றாள். ஆவணியின் கடைசி ஞாயிறு என்று முடிவு செய்தோம். வழியில் சாப்பிட ரோல்ஸ் சுடுவதாகவும் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் வடி அண்ணை அந்த ஃபில்டரை முதல் தடவையாக மாற்றினார். பழையதை எறியவில்லை. தகரத்தை வட்டமாக வெட்டித் திறந்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த காகிதத்தை மேசையில் நீளமாக விரித்து, ஹாங்கர் வாசல் வெயிலுக்கு இழுத்துப் போனார். காகிதம் மினுங்கியது. அடியில் காந்தத்தைப் பிடித்து நகர்த்தினார். மினுக்கமும் கூடவே நகர்ந்தது. இரும்புத் தூள். கால் தேக்கரண்டி இருக்கும்.

"நாளைக்கு இல்லைத் தம்பி."

"அண்ணை, ஒரு மணித்தியாலம். ஒரேயொரு மணித்தியாலம் போதும்."

"இல்லை."

"இவ்வளவு நாளும் ஒழுங்காத்தானே ஓடினது?"

"இவ்வளவு நாளும் எங்களுக்குத் தெரியேல்லை. இப்ப தெரியும். பறக்கலாம் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

அப்போது நான் சொன்னதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. "உங்களுக்கு எஞ்சினை விட்டால் ஒருத்தரும் இல்லை. மனுசற்றை ஆசை உங்களுக்கு எப்பிடி விளங்கும்?" என்றேன். மனைவியைப் பறிகொடுத்து, ஒரே மகளும் தூரத்தில் இருக்க, ரொக்ஸ்பரோவில் தனியே இருந்த மனிதர் அவர். காகிதத்தை மெதுவாக மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே தேதி எழுதினார்.

ஆவணி முடிந்தது. என் சான்றும் முடிந்தது. நான் ஹாங்கர் பக்கம் போகவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு ஜெராட் கூப்பிட்டான். "மச்சான், நீ வந்து பாக்கத்தான் வேணும்." போனேன். ஒரு சிலிண்டரைக் கழற்றி உள்ளே விளக்குப் பிடித்திருந்தார்கள். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டின் ஒரு மேடு முழுவதும் தேய்ந்து மழுங்கியிருந்தது. அதை ஒட்டிய துண்டின் முகம் அம்மைத் தழும்பு விழுந்த முகம் போலிருந்தது.

"பழைய வலை இருந்திருந்தால் அண்ணை?"

"வலை துப்பரவாத்தான் இருந்திருக்கும்" என்றார். வேறொன்றும் சொல்லிக் காட்டவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, ஒரு துணித் துண்டை என் கையில் தந்து "இதைப் பிடியும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"தங்கச்சி அண்டைக்கு ரோல்ஸ் சுட்டவவோ?"

"ஓம் அண்ணை."

"நான் அண்டைக்கு நித்திரை கொள்ளேல்லைத் தம்பி."

ஐப்பசியில், திருத்த அனுப்பிய இயந்திரம் புதிதாகத் திரும்பி வந்தது. முதலில் தானும் ஜெராட்டும் பத்து மணித்தியாலம் பறந்து, ஃபில்டரை மறுபடி வெட்டிப் பார்த்து, காகிதம் சுத்தம் என்றபின்தான் மலரைக் கூட்டிவரச் சொன்னார். நாலு பேர் ஏறுவதால் நிறை சரியாக இருக்க வேண்டும் என்று குளியலறைத் தராசு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். எங்களை ஒவ்வொருவராக ஏற்றி, எண்ணைச் சத்தமாக வாசித்தார். மலர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினாள். "அதையும் கையிலை பிடியுங்கோ தங்கச்சி. ரோல்ஸையும்" என்றார்.

ஜெராட் ஓட்டினான். மலர் முன்னால். நானும் அவரும் பின்னால், முழங்கால் முட்ட. மேலேறும்வரை அவர் கண்ணை மூடி இயந்திரத்தின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். நதி கீழே வெள்ளித் தகடாக விரிந்தபோதுதான் கண் திறந்தார்.

"தங்கச்சி, பயமோ?"

"இல்லை அண்ணை. நீங்களும் இருக்கிறியள்தானே."

அவர் சட்டென்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்வரை திரும்பவில்லை. நான் ஓட்டாத அந்தப் பறப்பில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இப்போது வேலையிலிருந்து ஓய்வுபெற்று வின்னிபெக்கில் மகளோடு இருக்கிறார். ஞாயிறு காலையில் தொலைபேசி எடுப்பார். பறப்பதை நான் விட்டுவிட்டேன் என்று தெரிந்தும் முதலில் விமானத்தைப் பற்றித்தான் விசாரிப்பார். பிறகு மலரைக் கேட்பார். "சரி, வைக்கிறன்" என்பார். இரண்டு நிமிடம்கூட வராது. அந்த அழைப்பு வராத ஞாயிறுகளில், மலர் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் தொலைபேசியைப் பார்ப்பேன்.