ரயில்வே கேட்டுக்கு அடியில் ஒரு பூதம்

எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்து, "நீ உருப்படவே மாட்டே" என்றார். அதற்கப்புறம் நான் கட்டியவற்றைச் சொல்கிறேன், கேளுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இரும்பு கடைய ஒரு பழைய லேத். மழை வந்தால் குடை லேத்துக்கு, நனைவது நான். அது மூன்று லேத்தானது. கள்ளிக்குப்பத்தில் வீடானது. வீட்டு மாடியில் ஹாலானது. தண்ணீரே வராது என்று ஊரே சொன்ன இடத்தில் போர் போட்டேன். இன்றைக்கு அந்த ஊரே குடத்தோடு என் வாசலில் நிற்கிறது.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சொத்து. கண்ணுக்கே தெரியாத ஒன்றைக் கட்டிவிட்டு, அது பறிபோகிறது என்று சோறு இறங்காமல் உட்கார்ந்த மனிதர் இந்த ஆவடி லைனிலேயே ஒருத்தர்தான். பூதம் சார்.

சொந்தப் பெயர் ஏதோ இருந்தது, யாருக்கும் ஞாபகமில்லை. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். செய்து வரும் உருப்படியை அளந்து பார்த்து, தேறும், தேறாது என்று சொல்கிற வேலை. வழுக்கை, கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாடி ஹால் வேண்டும் என்று வந்தார்.

"எதுக்கு சார், சீட்டாட்டமா?"

"இல்ல மொதலாளி. கதை சொல்லி விளையாடுவோம்."

அவர் கதை சொல்வார். சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறிக்கொள்வார்கள். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்பதைப் பகடைக் காயை உருட்டி முடிவு செய்வார்கள். காய் என்றால் இருபது முகம் உள்ள காய்! அந்த முகங்களைப் பிடிக்க என் லேத்தே திணறும்.

விளையாட்டின் விதிகளை எழுதியது ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி. 'எங்கள் விதியை எடுத்துக்கொள், உன் கதையை எழுதி விற்றுக்கொள்' என்று உலகத்துக்கே அனுமதி கொடுத்திருந்தார்கள். பூதம் சார் எழுதிய கதையில் திருமுல்லைவாயில் ரயில்வே கேட்டுக்கு அடியில் ஒரு பூதம் தூங்குகிறது. அது புரண்டு படுத்தால் கேட் மூடிக்கொள்ளும். ரயிலே வராமல் கேட் மூடிக் கிடப்பதற்கு இதைவிட நல்ல காரணம் இதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

பூதத்தின் குரலை அவரே போடுவார். முதல் வாரம் எதிர்வீட்டு வாட்ச்மேன் கட்டையோடு மாடியேறி வந்துவிட்டான். இரண்டாவது வாரம் எங்கள் வீட்டம்மா காபியோடு போனவள், "அந்தக் கிழவிய இப்பவே வெட்டிடலாமா?" என்று யாரோ கேட்டதைக் காதில் வாங்கி, பாதிப் படியிலேயே திரும்பிவிட்டாள். அதோடு காபி நின்றது.

ஒரு ஞாயிறு மாடியில் சத்தமே இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏறிப் பார்த்தால், சாவு வீடு மாதிரி எல்லோரும் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு போயிட்டா?" என்றேன்.

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் தீபாதான் பதில் சொன்னாள். "அனுமதி போயிடுச்சு அங்கிள். பழசு இனி செல்லாதாம். புதுசுல கையெழுத்துப் போடணுமாம். நாம என்ன எழுதுறோம்னு அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சொல்லணும். நல்லா வித்தா பங்கு குடுக்கணும். நம்ம கதைய அவங்களே எடுத்துப் போட்டுக்கலாமாம்!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பூதம் சாரின் புத்தகம் அப்போது அச்சகத்தில் இருந்தது. அட்டைகூட அடித்தாகிவிட்டது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை மணி எகிறினான். "இன்னா அண்ணாத்தே அநியாயமா கீது! பூதம் இன்னா அவன் ஊட்டுதா? நம்ம கேட்டாண்ட கீற பூதம்! அவன் போட்ட விதி புஸ்தகம் அத்தினியும் பழைய பேப்பர் கடையாண்ட எட்த்துகினு போனேன். அட்ட கெட்டியா கீதாம், எடைக்கு ஒத்து வராதுன்னு அவனும் தொரத்திட்டான்!"

தீபா அந்தக் கம்பெனிக்குக் கட்டிவந்த மாதச் சந்தாவை நிறுத்தியிருந்தாள். உலகம் முழுக்க இதே கூச்சல்தானாம். கடைசியில் பூதம் சார் சொன்னார், சொந்தக் குரலில்: "நாளைக்கு என் பூதத்தை அவன் வித்தா, நான் ஏன்னு கேக்க முடியாது மொதலாளி."

அந்தக் குரல் எனக்குத் தாங்கவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"சார், ஒரு பெரிய கம்பெனி டிராயிங் குடுத்து எங்கிட்ட பம்பு பாகம் செஞ்சு வாங்கிட்டிருந்தான். ஒருநாள் டிராயிங்கத் திருப்பிக் குடுன்னுட்டான். குடுத்துட்டேன். அப்புறம் சொந்தமா டிராயிங் போட்டேன். அதுல வந்ததுதான் இந்த மாடி. டிராயிங் அவனுது, திருப்பிக் குடுங்க. பூதம் உங்களுது, வெச்சுக்குங்க. விதிய நீங்களே போடுங்க!"

அடுத்த வாரம் பூதம் சார் என் பட்டறைக்கே வந்துவிட்டார். "மொதலாளி, ரிஜக்ட் ஆன வாஷர் இருக்குமா?"

"என் பட்டறையிலயா? ரிஜக்டா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அப்புறம் விளக்கினார். காயே வேண்டாமாம். ஒரு டப்பாவில் நல்ல வாஷரையும் கெட்ட வாஷரையும் கலந்து போட வேண்டும். பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கண்ணை மூடி ஒன்றை எடுத்து, துளை அளக்கும் எஃகு ஊசியில் மாட்ட வேண்டும். இறங்கினால் வெட்டு விழுந்தது. சிக்கினால் பூதம் விழுங்கியது. இன்ஸ்பெக்டருக்கு வேறு எப்படித் தோன்றும்?

டப்பா நிறையக் கொடுத்தேன். ஒன்றை எடுத்து அளந்துவிட்டு, "இவ்ளோ அழகாக் கெட்டுப்போன வாஷர என் சர்வீஸ்லயே பாத்ததில்ல" என்றார்.

கூச்சல் தாங்காமல் கம்பெனி பின்வாங்கிவிட்டதாகப் பிறகு செய்தி வந்தது. மணி குதித்தான். பூதம் சார் அசையவில்லை. "இன்னைக்குக் குடுத்தவன் நாளைக்கு மறுபடி புடுங்குவான்" என்று புதிய விதிகளோடுதான் புத்தகத்தைப் போட்டார். வாஷர் டப்பாவும் கூடவே வரும்.

முதல் பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கிறார். மனைவிக்கு, தீபாவுக்கு, மணிக்கு, முகம் தெரியாத கேட்கீப்பருக்கு. வாட்ச்மேனுக்குக்கூட! என் பெயர் இல்லை. கேட்டால், "நீங்க வீட்டு ஆளு மொதலாளி, உங்களுக்குப் போயி நன்றியா?" என்கிறார்.

இந்தச் சமாதானமெல்லாம் என்னிடம் செல்லாது. அடுத்த பதிப்பில் என் பெயர் வந்தாக வேண்டும், அதுவும் பெரிய எழுத்தில். இத்தனை வருடத் தொழிலில், லேத்தை நிறுத்தி அளவை மாற்றி, தெரிந்தே நான் கெடுத்துச் செய்த சரக்கு அந்த வாஷர் ஒன்றுதான். வேறு யாருக்கும் செய்திருக்க மாட்டேன்.