அறுப்பின் பண்டிகையில் ஏலம் போன ஜப்பான் பையன்கள்

நமக்கு வரும் பார்சலை அம்மா பிரித்துப் பார்த்தால் சண்டை வரும். பிரிக்காமல் பத்திரமாக வைத்திருந்தால் அதைவிடப் பெரிய ஆபத்து வரும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு முதல் சம்பளம் செலவானது.

இந்தக் கதையை என்னைவிட எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நன்றாகச் சொல்வார்கள். கல்யாண வீட்டில் பந்தி போடுவதற்கு முன்பு சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுவதற்குள் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாகிக்கொண்டே போகிறேன். மறுத்து மறுத்து அலுத்துவிட்டது. அதனால் நானே எழுதிவிடுகிறேன். இதில் உள்ள அளவுக்கு மட்டும்தான் நான் முட்டாள்.

அப்போது நான் ஒரு ஜப்பான் பாட்டுக்குழுவின் தீவிர ரசிகை. ஏழு பையன்கள், ஏழு நிறத்தில் தலைமுடி. (குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அப்பா அதைச் சாப்பாட்டு மேசையில் உச்சரித்துக் காட்டுவார்.) அவர்களுடைய மியூசிக் வீடியோக்களை எல்லாம் சேர்த்து ஒரு ப்ளூ-ரே டிஸ்க் தொகுப்பு வெளியாவதாக அறிவிப்பு வந்தது. அதே வாரம் எதிரிக் குழு ஒன்றின் தொகுப்பும் வந்தது. முதல் மாத விற்பனையில் யார் முதலிடம் என்பதுதான் போட்டி. டோக்கியோவில் கடை வாசலில் கூட்டம் வரிசை கட்டி நிற்கிறது. இங்கே குலசேகரத்துக்காரி ஒருத்தி வாங்காமல் விட்டதால் முதலிடம் கைநழுவிவிடுமோ என்று எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

அந்த வீடியோக்கள் எல்லாம் போனில் இலவசமாகக் கிடைத்தன. ப்ளூ-ரே ஓட்டும் கருவி எங்கள் வீட்டில் இல்லை. எங்கள் தெருவிலேயே இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். (படித்த பெண் அல்லவா!) ஆனாலும் ஒரே தொகுப்பை மூன்று விதமான பெட்டியில் விற்றார்கள் என்பதற்காக மூன்றையும் வாங்கினேன். அவற்றில் முதல் பதிப்புப் பெட்டிக்குள் மட்டும் ஒரு பையனின் புகைப்பட அட்டை இருக்கும். எந்தப் பையன் என்பது பிரித்தால்தான் தெரியும். எனக்கு வேண்டியது நீலமுடி ஹரு. திருவனந்தபுரத்தில் வேலைக்குச் சேர்ந்து வாங்கிய முதல் சம்பளம் இப்படிப் போனது. அடுத்த நாளே முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்தது. எனக்குக் கிடைத்துவிட்ட பெருமையில் விடுதி அறைக்குள் துள்ளினேன்.

அம்மா போனில் கேட்டாள்: "சம்பளம் வந்துதா மக்ளே? கர்த்தருக்கு எடுத்து வச்சியா?"

எங்கள் வீட்டில் முதலில் வருவது எதுவும் எங்களுக்கு இல்லை. முதல் வாழைக்குலை, கோழி இட்ட முதல் முட்டை, ரப்பர் வெட்டத் தொடங்கியதும் அடித்த முதல் ஷீட், எல்லாம் சபைக்குப் போகும். அறுப்பின் பண்டிகை அன்று அவற்றை ஏலம் விடுவார்கள். வீட்டார் ருசி பார்க்காமல், தொட்டுக் குலைக்காமல் கொடுத்தால்தான் அது முதற்பலன்.

நான் மழுப்பினேன். "ஒரு நல்ல சாதனம் வாங்கியிருக்கேன் அம்மா. வீட்டுக்கு வரும். ஆரும் பிரிச்சுராதிங்க. அப்படியே வையுங்க."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிள்ளை நல்ல வழிக்கு வந்துவிட்டாளே என்ற ஆனந்தக் கண்ணீர் அது. நான் ஜலதோஷம் என்று நினைத்து ஆவி பிடிக்கச் சொன்னேன்.

பண்டிகை ஞாயிறு அன்று பஸ் பிடித்து நேரே சபைக்குப் போனேன். ஆராதனை முடிந்து, வெளியே பந்தலில் ஏலம் நடந்துகொண்டிருந்தது.

"பார்சல் வந்துதா அம்மா?"

"பின்னே? கொண்டு வந்தாச்சு பிள்ளே" என்று அம்மா மேடையைக் காட்டினாள்.

மேடையில் ஏலம் விடும் தங்கையன் மாமா என் பார்சலைக் கிழித்துக்கொண்டிருந்தார். மூன்று பெட்டிகள் வெளியே வந்தன. ஏழு தலைகள் வெயிலில் மின்னின.

"இது ஆருலே, சாயம் முக்கின கோழிக்குஞ்சு மாதிரி?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"ஆரா இருந்தா ஒனக்கென்ன? நம்ம வில்சனுக்க மவ முதல் சம்பளத்துல வாங்கி, கண்ணால கூட பாக்காம கர்த்தருக்குக் குடுத்திருக்கு. கை தட்டுங்க மக்கா!" என்றார் தங்கையன் மாமா.

சபையே தட்டியது. இதற்குப் பிறகு போய் 'இது எனக்கு' என்று சொல்ல எந்த வீரப்பெண்ணாலும் முடியாது. ஒரே வழிதான் இருந்தது. கையைத் தூக்கி விலை கேட்டேன்.

"பாத்தியளா! குடுத்த பிள்ளையே திரும்பக் கேக்குது. ரெண்டு மடங்கு காணிக்கை!"

அப்போதுதான் பக்கத்து வீட்டு மஸ்கட் செல்வம் மாமா எழுந்தார். வேலித் தகராறில் அப்பாவோடு பேச்சை நிறுத்தியவர். வெளிநாட்டுச் சாதனத்தின் மதிப்பு இந்தச் சபையில் தனக்கு மட்டுமே தெரியும் என்பது அவருடைய கருத்து. அவர் ஏற்றினார். நான் ஏற்றினேன். ரப்பர் ஷீட்டுக் கட்டு போன விலையைத் தாண்டியாயிற்று.

பந்தலுக்குப் பின்னால் பிரியாணி அண்டாவின் பக்கத்திலிருந்து ஒரு முழக்கம் வந்தது. "அதுக்கு மேல நூறு!"

அப்பா. செல்வம் மாமாவின் குரல் மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது. நானும் விலை கேட்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது; ஏறும் விலையெல்லாம் செல்வம் மாமாவுடையது என்று நினைத்துக்கொண்டார். செல்வம் மாமா மூச்சு வாங்க நிறுத்தியபோதும் நாங்கள் இரண்டு பேரும் நிறுத்தவில்லை. எதிரே யார் என்று தெரியாமலே தகப்பனும் மகளும் மாறி மாறி ஏற்றிக்கொண்டிருந்தோம்.

"ஏட்டி, அது உனக்க அப்பாவாக்கும்! கையைக் கீழ போடு!" என்று அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

போட்டேன். மூன்று தரம் சொல்லி அப்பாவுக்கே முடிந்தது. அப்பாடா! வீட்டுக்குப் போய் அழுது வாங்கிக்கொள்ளலாம்.

அப்பா மேடையேறினார். பெட்டிகளை வாங்கினார். செல்வம் மாமாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மைக்கைப் பிடித்து, "இது திரும்பவும் சபைக்கே!" என்றார்.

(ஏலத்தில் எடுத்ததை மறுபடி ஏலத்துக்கே கொடுப்பது எங்கள் ஊரில் பெரிய மனுஷ லட்சணம்.)

"அல்லேலூயா!" என்றது கூட்டம். மறுபடி ஏலம். இந்த முறை செல்வம் மாமா எடுத்த எடுப்பிலேயே ஒரு விலை சொன்னார். அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள். ஆவேசத்தில் மறந்திருந்தது எனக்கும் இப்போதுதான் நினைவு வந்தது: என் கணக்கில் பஸ்ஸுக்குத்தான் மிச்சம் இருந்தது. பெட்டிகள் செல்வம் மாமாவுக்கே போயின.

அந்த வருடம் அதிக விலைக்குப் போன காணிக்கை அதுதான் என்று போதகர் ஐயர் அறிவித்தார். சற்று நேரத்தில் போனிலும் செய்தி வந்தது: எங்கள் பையன்கள்தான் முதலிடம். ஆக, ஜப்பானிலும் முதலிடம், எங்கள் சபையிலும் முதலிடம். அந்த மகத்தான வெற்றியில் கையில் ஒன்றும் இல்லாமல் நின்ற ஒரே ரசிகை நான்.

மறுநாள் வெட்கத்தை விட்டுச் செல்வம் மாமா வீட்டுக்குப் போய், மாமியிடம் உண்மையைச் சொன்னேன்.

"அய்யோ பிள்ளே, டிவிடி பிளேயர்ல போட்டுப் பாத்தோம், ஒண்ணும் வரல்ல. ஆனா நல்ல மினுக்கம் கேட்டியா" என்று கொல்லைக்கு அழைத்துப்போனாள்.

ரம்புட்டான் மரம் முழுக்கப் பழுத்துச் சிவந்து கிடந்தது. கிளைக்குக் கிளை நூலில் கட்டிய டிஸ்க்குகள் காற்றில் சுழன்று பளிச்சிட்டன.

"ஒரு காக்கா பக்கத்துல அடுக்கல்ல!" என்றாள் மாமி.

"உள்ளே ஒரு படம் இருந்துதா மாமி?"

"அந்த நீல மண்டையனா? அவனையும் பாலித்தீன்ல போட்டு உச்சியில கெட்டியாச்சு. அவனுக்க முழியைக் கண்டா அணிலு வராது."

அண்ணாந்து பார்த்தேன். ஹருதான். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

இன்றும் அப்பாவும் செல்வம் மாமாவும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒவ்வொரு காய்ப்புக்கும் ஒரு கவர் ரம்புட்டான் வேலிக்கு மேலே நீட்டப்படும். அப்பா அதை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, "உனக்க பயலுவ சம்பாதிச்சு அனுப்பியிருக்கானுவ, தின்னு" என்பார். நானும் தின்கிறேன். நல்ல இனிப்பு.

இந்த வருடம் அந்தக் குழு இன்னொரு தொகுப்பு வெளியிட்டது. எப்படித் தெரிந்ததோ, மாமி வேலியோரம் கூப்பிட்டுக் கேட்டாள்: "பிள்ளே, இப்பம் மங்குஸ்தானும் காய்க்குது. இன்னும் ஒரு பெட்டி வரவழைச்சுத் தாறியா?"

முதல் வாரத்திலேயே ஆர்டர் போட்டுவிட்டேன்.