ஏழுக்கு ஒன்றரை

பொறாமைக்காரர்களில் தட்டை உடைக்கிறவர் உண்டு, சாப்பிடாமல் குப்புறப் படுக்கிறவர் உண்டு. அவர்களையெல்லாம் விடுங்கள். இது படித்த இனம். இவர் பொறாமைப்பட மாட்டார். அளப்பார்.

கனடாவில், சாஸ்கடூன் ஊரில், பேராசிரியர் டக் ஹால்வர்சனைப் பாருங்கள். பதினோரு நாட்டுக் காதலர்களிடம் நாற்பது கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஏழுக்கு மார்க் போட்டு, சராசரி ஏழே வந்தால் முற்றிய பொறாமை என்று வைத்து, துருக்கிக்காரருக்கு இவ்வளவு, சிலிக்காரருக்கு இவ்வளவு, வாயே திறக்காத ஜப்பானியருக்கும் இவ்வளவு என்று நிறுத்துப் போட்டவர். தனக்கும் போட்டுக்கொண்டார். ஒன்றரை! வராதா பின்னே? கேள்வியும் அவரே, பதிலும் அவரே.

வரும் ஜூனில் அவருக்கும் நோரீனுக்கும் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. வியாழன்தோறும் அவள் பனித்தரையில் கல்லைச் சறுக்கிவிட்டு ஆடும் கர்லிங் ஆடுவாள். டக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் காப்பியோடு உட்கார்ந்து, அவளுடைய அணித்தலைவர் லார்ஸ் அவளைப் பார்த்து எத்தனை தரம் சிரித்தார் என்று நோட்டில் கோடு போடுவார். பொறாமையா? சேச்சே. ஆராய்ச்சி.

ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுத்துக் கூட உட்கார வேண்டும். அது ஆட்டத்து மரியாதை. அன்று நோரீன் அணி ஜெயித்துத் தொலைத்தது.

"எழுபது நிமிஷம் உக்காந்திருந்தே," என்றார் டக், காரில்.

"ஜெயிச்சுட்டு ஓடி வரச் சொல்றியா? காறித் துப்புவாங்க!"

"அதுல முப்பத்தஞ்சு லார்ஸ் பக்கத்துல."

"அந்த மனுஷன் பேரன் எடுத்தாச்சு, டக்!"

"நான் கோவப்படலையே. குறிச்சு வெச்சேன், அவ்வளவுதான்."

"அப்படியா? உன் கேள்வித்தாள் ஒண்ணு குடு. உனக்கு நான் மார்க் போடறேன்."

மறுநாள் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நாற்பது கேள்விக்கும் ஏழு.

"இதுக்கு மேல போட எடமில்ல. இதைப் பாத்து உனக்கு உறைச்சா ஜூன்ல கல்யாணம். இல்லேன்னா இப்பவே சொல்லிடு."

வேறொருவராக இருந்தால் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருப்பார். இவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"ஒருத்தர் பதிலை மட்டும் வெச்சு முடிவுக்கு வரக் கூடாது, நோரீன். அப்புறம்... இதை எழுதறப்ப உன் பக்கத்துல யார் இருந்தா?"

"நீதான். நான் எங்க போனாலும் நீதானே பக்கத்துல," என்று மோதிரத்தைக் கழற்றித் தாள் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. அந்தத் தாள் மட்டும் அதில் இல்லை. விதிவிலக்காம்!

நீங்கள் அப்படியில்லை, தெரியும். ஆனால் பக்கத்து அறையில் உங்களவர் போனில் சிரிக்கிறாரே, யாரோடு என்று எட்டிப் பார்க்காமலா இந்த வரிக்கு வந்தீர்கள்?