கூழைக்கடா மகாவனச் சபைக்குப் போன கதை

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. அப்படித்தான் கரையில் நட்டிருந்த அரசாங்கப் பலகை சொன்னது. உள்ளே போய்ப் பார்த்தால் ஏரிக்கான அடையாளம் எதுவும் இல்லை. ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் மண் மூடி, சீமைக்கருவேல முள் மண்டிக் கிடந்தது. கடைக்கோடியில் ஒரு பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் நாகரத்தினம் என்ற நீர்நாய் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள். குடியிருந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. சேற்றில் புரண்டுகொண்டிருந்தாள். கோடை முற்றுவதற்குள் தண்ணீர் வராவிட்டால் குட்டிகள் பிழைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அந்தத் தொகுதிக்குக் காட்டுச் சபையில் ஓர் உறுப்பினர் உண்டு. பெயர் கோதண்டபாணி, ஜாதியில் கூழைக்கடா. அலகுக்குக் கீழே அரை மூட்டை பிடிக்கிற பை தொங்கும். ஏரியில் விடச் சொல்லி அரசாங்கம் அனுப்பிய மீன்குஞ்சுகள் அந்தப் பைவரைக்கும் வந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கப்புறம் பார்த்தவர்கள் இல்லை.

கால்வாயைத் தூர்வாரச் சொல்லி நாகரத்தினம் அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தாள். முதல் தடவை ஆவன செய்யப்படும் என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடி மனம் உருகுவார். ஆறு பல காடுகளைத் தாண்டி வருகிறது, ஆகவே கால்வாய் மகாவனச் சபையின் பொறுப்பு, தான் வெறும் காட்டுச் சபைக்காரன், கையில் அதிகாரம் இல்லை என்று சொல்லி, ஒரு வணக்கமும் போட்டு அனுப்பிவைப்பார். மகாவனச் சபை என்பது எல்லாக் காடுகளுக்கும் பொதுவான பெரிய சபை.

இப்படியிருக்கும்போது அந்தப் பெரிய சபைக்கே தேர்தல் வந்தது. வேட்பாளர் யார்? நம்ம கோதண்டபாணியேதான். நாகரத்தினத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இனிமேல் அவர் எந்தச் சாக்கைச் சொல்ல முடியும்?

மரத்துக்கு மரம் அவருடைய வாழ்க்கை வரலாறு தொங்கியது. ஏழைத் தாயின் முட்டையில் பிறந்தவர். சுள்ளிக் கூட்டில் வளர்ந்தவர். பல மைல் தூரம் நடந்தே பள்ளிக்கூடம் போனவர். சிறகை வைத்துக்கொண்டு ஏன் நடந்தார் என்று ஒரு பிராணியும் கேட்கவில்லை. படத்தில் அவர் ஒரு குட்டி மீனை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். அந்த மீனின் முகத்தைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

பொதுக்கூட்டத்தில் தன்னுடைய லட்சியங்களை எடுத்து விட்டார். கடலுக்கு நம் காட்டு மொழியில் பெயர் வைப்பாராம். நிலாவில் நம் காட்டுக்கு ஒரு கிளை அலுவலகம் திறப்பாராம். வெளிநாட்டிலிருந்து வலசை வரும் பறவைகளைக் கூப்பிட்டு உலக சமாதானம் பேசுவாராம். மீனைத் தேசியப் பிராணியாக அறிவிக்காமல் உறங்கமாட்டாராம். அப்போது அவர் பைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று வாலை ஆட்டியது. கூட்டம் அதை ஆமோதிப்பு என்று நினைத்துக் கைதட்டியது.

நாகரத்தினம் முண்டியடித்து மேடைக்குக் கீழே போய் நின்றாள்.

"தலைவரே, கால்வாய்?"

"அது காட்டுச் சபை விஷயம்மா. நான் இப்போ பெரிய சபைக்குப் போறேன். தேசத்தைப் பத்திப் பேசுற இடத்துல வாய்க்காலைப் பத்திப் பேசக் கூடாது" என்றார் கோதண்டபாணி, கொஞ்சமும் கூச்சம் இல்லாமல்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளை டெபாசிட் இழக்கவைக்காமல் விடுவதில்லை என்று புதர் புதராகப் போய்ச் சொன்னாள். முயல், ஆமை, கீரி எல்லாரும் சரி என்றார்கள். தோற்கடித்தே தீருவது என்று முடிவாயிற்று.

ஊர் ஊராய்ப் பறந்து திரிகிற உள்ளான் குருவி அன்றைக்கு அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பைத்தியமா உங்களுக்கு?" என்றது. "தோத்துப்போனா அவர் எங்கே போவார்? இங்கேதான் இருப்பார். உங்க உறுப்பினராவே இருப்பார்."

"அப்போ என்னதான் செய்யறது?" என்று கேட்டாள் நாகரத்தினம்.

உள்ளான் விளக்கிச் சொன்னது. ஒருவரே இரண்டு சபையிலும் உட்கார முடியாது. பெரிய சபைக்குப் போனால் சின்னச் சபையில் இடம் காலி. காலியானால் இடைத்தேர்தல். இடைத்தேர்தல் வந்தால் காட்டு மந்திரிகள் அத்தனை பேரும் தொகுதியிலேயே கூடாரம் போட்டு, கேட்டது கேட்காதது எல்லாம் செய்வார்கள். மேற்குக் காட்டில் உறுப்பினர் பாதியில் செத்துப்போனார். அதற்கப்புறம்தான் அந்தக் காட்டுக்கே பாதை வந்தது.

அவ்வளவுதான். மறுநாள் முதல் கோதண்டபாணிக்கு நாகரத்தினத்தைப் போல ஒரு தொண்டர் கிடையாது. வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுக் கேட்டாள். அவர் பள்ளிக்கூடத்துக்கு வெறும் காலோடு நடந்தார் என்று தன் பங்குக்கு ஒரு புளுகையும் சேர்த்தாள். ஏரித் தொகுதியில் ஒரு ஓட்டுகூட எதிராக விழவில்லை. ஒரு தலைவனை இவ்வளவு வெறுப்போடு யாரும் ஜெயிக்கவைத்தது கிடையாது.

விடைபெறும் கூட்டத்தில் கோதண்டபாணி தேம்பித் தேம்பி அழுதார். "இந்த அன்புக்கு நான் தகுதியானவனா?"

"தகுதியே இல்லீங்க தலைவரே. போய்ட்டு வாங்க" என்றாள் நாகரத்தினம். அவர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு பறந்து போனார்.

உள்ளான் சொன்னது அப்படியே நடந்தது. இடைத்தேர்தல் அறிவித்ததும் மந்திரிகள் படையாக வந்து இறங்கினார்கள். கரடி மந்திரி முயல் வீட்டில் தட்டு கழுவினார். புலி மந்திரி மான் குட்டிக்கு மொட்டை போட்டுக் காது குத்தினார். கால்வாயில் மண் அள்ளும் எந்திரம் இரவு பகலாக ஓடியது. ஆற்றுத் தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. நாகரத்தினம் குட்டிகளைக் கரைக்குத் தூக்கிவந்து காட்டினாள். இன்னும் ஒரு வளைவு வெட்டினால் தண்ணீர் அவள் பள்ளத்துக்கு வந்துவிடும்.

அதற்குள் ஓட்டுப் பதிவு முடிந்துவிட்டது.

சாயங்காலம் எந்திரம் போனது. கூடவே கரடி போனார், புலி போனார். தண்ணீர் வளைவுக்கு அந்தப் பக்கமே நின்றது. இந்தப் பக்கம் சேறு வெடிக்க ஆரம்பித்தது. சின்னக் குட்டி அன்று எழுந்து நடக்கவில்லை.

ஜெயித்தவர் மலையப்பன் என்ற காட்டெருமை. நல்ல வாலிபம், மதமதவென்று உடம்பு. நன்றி சொல்ல வந்த இடத்தில் தரை அதிரக் காலை ஊன்றி முழங்கினார். "பெரிய சபை, பெரிய பதவி எதுவும் எனக்கு வேண்டாம். என் உயிர் இருக்கிறவரைக்கும் உங்களை விட்டுப் போகவே மாட்டேன்."

கூட்டம் கைதட்டியது. நாகரத்தினம் தட்டவில்லை. வளைவைப் பற்றிக் கேட்டாள். ஆவன செய்யப்படும் என்றார். கோதண்டபாணியும் ஆரம்பத்தில் அதையேதான் சொன்னார். அவள் மலையப்பனைத் தலையிலிருந்து வால்வரை ஒருமுறை பார்த்தாள்.

"உடம்பெல்லாம் எப்படிங்க இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மலையப்பன் நெகிழ்ந்து போனார். ஓட்டு வாங்கின பிறகும் தன் உடம்பை விசாரிக்க ஒரு ஜீவன் இருக்கிறதே. "கல்லு மாதிரி இருக்கேன் தாயி. எங்க வம்சத்துல சீக்குன்னு யாரும் படுத்ததே இல்லை."

நாகரத்தினம் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மறுநாள் பத்திரிகையில் முதல் பக்கத்தில் அந்தப் படம் வந்தது: "தலைவர் நலமறிந்து தாய் ஆனந்தக் கண்ணீர்."

நீதி: உட்கார்ந்திருக்கும் உறுப்பினரைவிடக் காலி நாற்காலியே ஊருக்கு உழைக்கும். ஆகவே குழந்தைகளே, ஓட்டுப் போடும்போது வேட்பாளரின் கொள்கையைப் பார்க்காதீர்கள்; ஆயுளைப் பாருங்கள்.