வெயில் மாமா மொட்டை மாடியைப் பிடித்த கதை

சென்னையில் வெயிலைத் திட்டாத ஒரே மனிதர் எங்கள் ராஜா அண்ணாமலைபுரம் குடியிருப்பில்தான் இருக்கிறார். ஊரே கத்திரி வெயிலில் வெந்துகொண்டிருக்கும். இவர் மட்டும் தலையில் ஈரத் துண்டோடு மொட்டை மாடியில் நின்று, "அடடா, இத்தனையும் வீணாப் போறதே!" என்று பதறுவார், ஏதோ குழாயை மூடாமல் வந்துவிட்டவர் மாதிரி. வீட்டு வாசல் பலகையில் வேறு பெயர் இருக்கிறது. எங்களுக்கு அவர் வெயில் மாமா.

குடியிருப்போர் சங்கச் செயலாளரும் அவர்தான். லிப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு எல்லாவற்றையும் சூரிய மின்சாரத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பது அவர் லட்சியம். மனைவி போன பிறகு தனியாக இருப்பவர். பெங்களூரில் இருக்கும் மகள் வாராவாரம் போன் செய்து, "கிளம்பி வந்துடுப்பா" என்பாள். இவரிடம் ஒரே பதில்தான்: "மாடியில பேனல் ஏறட்டும். மறுநாளே வந்துடறேன், சத்தியம்!" இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் போனில் பேசினால் மந்தைவெளி வரை கேட்கும்.

சங்கக் கூட்டத்தில் எந்தப் பேச்சை எடுத்தாலும் சூரியனில் கொண்டுபோய்த்தான் முடிப்பார். குப்பை வண்டி லேட்டாக வருகிறது என்று ஒருமுறை வாயைத் திறந்தேன்.

"அந்த வண்டி பாட்டரியில ஓடறது, கவனிச்சேளா? கார்ப்பரேஷன்காராளே மாற ஆரம்பிச்சாச்சு. நாம எப்போ?" என்று என்னையே மடக்கிவிட்டார்.

எதிர்ப்பு, மூன்றாம் மாடி கமலா மாமியிடமிருந்து வந்தது. கோடையில் மொட்டை மாடி முழுக்க மாமியின் வடாம் ராஜ்யம்.

"வெயிலையெல்லாம் நீங்க பிடிச்சுண்டா என் வடாம் எதுல காயும்?"

"ஓரமா ஒரு மூலை தரேன் மாமி."

"எந்த மூலை? அங்க தண்ணி டேங்க் நிழல் விழறது. என் வடாம் பூசணம் பிடிச்சுப் போகும்!"

மாமா துள்ளி எழுந்தார். "இன்னொரு தரம் சொல்லுங்கோ!"

முந்தின நாள்தான் பேனல் கம்பெனி ஆள் வந்து, அண்ணாந்துகூடப் பார்க்காமல், "டேங்க் பக்கமா போட்டுடலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நிழல் பட்டால் பேனல் படுத்துவிடும் என்பது மாமாவுக்குத் தெரியும். நிழல் எங்கே விழும் என்பதுதான் தெரியாது. அது மாமியின் வடாத்துக்குத் தெரிந்திருக்கிறது! அடுத்த நாள் காலை மாமி மாவு கிளறினார். மாமா மொட்டை மாடி பூராவும் பழைய வேட்டிகளை விரித்து, மூச்சு வாங்க வடாம் பிழிந்தார். இரண்டு வெயில் பட்டதும் ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்தார். படக்கென்று ஒடிந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம். வளைந்த இடத்தில் பெருக்கல் குறி. கம்பெனி ஆள் வந்ததும் கையில் ஒரு வடாத்தைத் திணித்தார்.

"வளையறது பாருங்கோ. இங்க மட்டும் பேனல் போட்டேள், உங்களையும் இப்படியே வளைச்சுடுவேன்!"

வட்டம் போட்ட இடமெல்லாம் பேனலுக்கு. அதற்கு நடுவே நல்ல வெயிலில் ஒரு பங்கு வடாத்துக்கு. மாமி கை தூக்கினார், தீர்மானம் நிறைவேறியது, பேனல் ஏறியது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆளாளுக்கு மாடியேறிச் செல்பி எடுத்துக்கொண்டோம்.

திறப்பு விழாவன்று மாமா கழுத்தில் மாலையோடு லிப்ட்டுக்குள் போய் நின்றுகொண்டு, எலக்ட்ரீஷியன் பாபுவுக்கு ஆணையிட்டார்.

"மெயினை அணைடா! ஊருக்கே கரண்ட் இல்லேன்னாலும் நம்ம லிப்ட் ஓடும். எல்லாரும் பார்க்கட்டும்!"

பாபு அணைத்தார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிப்ட் நின்றது.

"ஓடறதா?" என்று உள்ளேயிருந்து குரல்.

"இன்னா மாமா, உள்ள கீற உனக்குத் தெர்லியா? டென்சன் ஆவாத, மெயினைப் போட்டுக்கினு கீறேன்!"

விஷயம் இதுதான். எங்களுடைய பேனல், மின்வாரிய லைனோடு சேர்ந்து வேலை செய்கிற ரகம். லைனில் கரண்ட் போனால் அதுவும் தானாக நின்றுவிடும், இல்லாவிட்டால் லைனில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கும். தனியாக ஓட பாட்டரி வேண்டும். கம்பெனி ஆள் இதையெல்லாம் முன்பே விளக்கமாகச் சொல்லியிருந்தார். அப்போது மாமா வடாம் ஒடித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயந்திரக் கூட்டத்துக்கு மாமா சங்கத்துச் சாவிக்கொத்தோடு வந்தார். "கரண்ட் இருக்கறச்சே பேனல் நன்னா வேலை செய்யறது. கொழந்தைக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நாளைக்குக் கிளம்பறேன்" என்று சாவியை மேஜைமேல் வைத்தார்.

பேனல் ஏறினால் இவர் இறங்கிப் போய்விடுவார் என்பது, தெரிந்திருந்தும், எங்கள் ஒருவர் புத்தியிலும் அதுவரை உறைக்கவில்லை. கமலா மாமிதான் எழுந்தார்.

"மனுஷாளை நட்டநடுவுல தொங்க விட்டுட்டு வேலை முடிஞ்சுடுத்தாம்! பாட்டரி வெக்காம செயலாளர் இந்த இடத்தை விட்டு நகரப்படாது. தீர்மானம் போடறேன்."

எல்லாக் கையும் உயர்ந்தது. நான் இரண்டு கையையும் தூக்கினேன். மாமாவுக்கு வாயெல்லாம் பல். அங்கேயே மகளுக்குப் போன் போட்டு, "வேலை இன்னும் முடியலடி கண்ணா!" என்றார்.

இப்போது மகள்தான் லீவு கிடைத்தால் இங்கே வந்துவிட்டுப் போகிறாள். மாமா கூட்டத்துக்குக் கூட்டம் புதுப்புது பாட்டரியோடு வருகிறார். ஒன்று கனம், ஒன்று சூடாகும், ஒன்றுக்கு நிறம் சரியில்லை என்று நாங்கள் ஏதாவது சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறோம். கரண்ட் போனால் படியேறிக்கொள்கிறோம். அவர் எங்களோடு இருந்தால் போதும்.