ராகு காலத்தில் கம்ப்ரஷன்

பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளைக்கு இருக்கும் வேலை ஒன்றே ஒன்றுதான்: கேசரியைச் சாப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. அதைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியாதவன் நான்.

2006. கடலூரில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசர் வேலை. (சூப்பர்வைசர் என்றால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பவர். ஸ்பேனர் பிடிப்பவர்கள் வேறு.) சிதம்பரத்திலிருந்து அம்மா, என் தாய்மாமா, நான் மூவரும் காடாம்புலியூருக்குக் கிளம்பினோம். பெண்ணின் அப்பா முந்திரி ஏற்றும் பழைய லாரி வைத்திருப்பதாகத் தரகர் சொல்லியிருந்தார். அம்மா தாம்பாளத்துக்குப் பூவும் பழமும் எடுத்து வைத்தார். நான் பையில் இன்ஜினின் பலத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை எடுத்து வைத்தேன்.

பஸ் எங்களைச் சீக்கிரமே இறக்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, நாலரை மணி. ராகு காலம் ஆரம்பம். அது முடியும்வரை பெண்ணைக் காட்டக் கூடாது என்பதில் இரண்டு வீட்டாருக்கும் ஒரே கருத்து. அம்மா ராகு காலத்தில் தலைவலி மாத்திரைகூடப் போடமாட்டார். ஆகவே கூடத்தில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பெண்ணின் அப்பா வாசலில் நின்ற லாரியைக் காட்டி, "ஓடி ஓடி தேஞ்சிபோச்சுங்க. இப்பல்லாம் பொகை ஜாஸ்தியா கக்குது" என்றார். அவர் பேச்சுக்குத்தான் சொன்னார். நான் எழுந்துவிட்டேன்.

"கம்ப்ரஷன் பாத்துட்டா தெரிஞ்சிடும் மாமா." (இன்னும் பெண்ணையே பார்க்கவில்லை. அதற்குள் மாமா!)

விஷயம் எளிதுதான். தேய்ந்த இன்ஜினில் பிஸ்டன் காற்றை அழுத்தும் பலம் குறைந்துவிடும். டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒன்றைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜை மாட்டி, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டால் முள் காட்டிக்கொடுக்கும். அதற்கு முன்னால் கேபினில் இருக்கும் ஸ்டாப்பரை இழுத்து டீசலை நிறுத்தியாக வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் இதைத் தினமும் ஊருக்கெல்லாம் சொல்பவன், அன்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள மறந்துவிட்டேன்.

பானட்டைத் தூக்கி, கேஜை மாட்டி, தாய்மாமாவைக் கேபினில் ஏற்றினேன். அவர் வாழ்நாளில் ஓட்டிய ஒரே வண்டி மொபெட். "சாவிய திருப்புங்க!" என்றேன், ஆபரேஷன் தியேட்டரில் கத்தி கேட்கும் டாக்டர் மாதிரி.

மத்தியானம்தான் ஓடிவந்த வண்டி. மிச்ச சிலிண்டர்களை வைத்துக்கொண்டே ஸ்டார்ட் ஆகிவிட்டது. இன்ஜெக்டரிலிருந்து நான் கழற்றிவிட்டிருந்த குழாய் டீசலைப் பீய்ச்சியடித்தது. முதலில், குனிந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா முகத்தில். பிறகு என் கண்ணிலும் வெள்ளைச் சட்டையிலும். பிறகு, சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மாவின் பட்டுப்புடவையில்.

"நிறுத்துங்க மாமா!"

"சாவிய எடுத்தே வச்சிட்டேன்டா! நிக்க மாட்டேங்குது!" தாய்மாமா சாவியை ஜன்னல் வழியாக ஆட்டிக் காட்டினார். (அந்தக் கால டீசல் லாரி சாவிக்கு அடங்காது. ஸ்டாப்பரை இழுத்தால்தான் நிற்கும்.)

அப்போது தலை நிறையக் கனகாம்பரத்தோடு ஒரு பெண் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேபினில் தாவி ஏறி ஸ்டாப்பரை இழுத்தாள். லாரி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

மேலிருந்து என்னைப் பார்த்தாள். "இத இழுத்துட்டுத்தானங்க ஆரம்பிக்கணும்?"

மணி ஐந்தேகால். அவள் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். "ராகு காலத்துல வெளிய வந்துட்டாளே, இனிமே அவுங்க என்னா நெனைப்பாங்க!"

அவளை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. எவ்வளவு பிடித்தது என்றால், கண்ணில் எரிந்த டீசல்கூடத் தெரியவில்லை. அம்மா முகத்தைச் சுளித்தால் எல்லாம் முடிந்தது.

அம்மா முந்தானையைப் பிழிந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாதீங்க சம்பந்தி. ஆறு மணி வரைக்கும் அவ உள்ளயே ஒக்காந்திருந்தா, என் தம்பி இன்னும் லாரியிலதான் இருந்திருப்பான்."

சம்பந்தி என்று சொல்லிவிட்டார்! கேசரி வருவதற்குள் என் கல்யாணம் முடிவாகிவிட்டது.

அந்த இன்ஜினின் கம்ப்ரஷன் எவ்வளவு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. லாரி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. பொங்கலுக்குப் போனால் மாமனார், "ரிசல்ட்டு வந்துச்சா மாப்ள?" என்று இன்னமும் கேட்கிறார். நாலு பேர் கூடிய இடத்தில் நான் தெரிந்தது தெரியாதது எல்லாவற்றையும் அளக்க ஆரம்பித்தால், எதிரில் இருக்கும் என் மனைவி இரண்டு விரலால் காற்றில் எதையோ மெல்ல இழுப்பாள். இப்போது மகளும் இழுக்கிறாள்.

நானும் சாவிக்கு அடங்காத வண்டிதான். அந்த இரண்டு விரலுக்கு மட்டும் நின்றுவிடுகிறேன்.